நட்சத்திரத்துக்கு வழி விடுங்க

இப்போதெல்லாம் அடுத்தவன் வீட்டு வாசலை யாரும் வாசலாகவே நினைப்பதில்லை. சும்மா கிடக்கிற இடம் என்று நினைக்கிறார்கள். காரைக் கொண்டுவந்து கேட்டை ஒட்டி நிறுத்துவார்கள். ஏனப்பா என்று கேட்டால் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, "டூ மினிட்ஸ் அங்கிள்" என்பார்கள். கொஞ்சம் குரலை உயர்த்தினால், "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பார்கள். சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். இந்த ஊரில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டியவன் எப்போதும் வீட்டுக்காரன்தான். வண்டிக்காரன் ஒருநாளும் இல்லை.

என் வீடு காக்ஸ் டவுனில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. எதிரே சிஸ்டர் பவுலின் நடத்துகிற பள்ளிக்கூடம். எல்.கே.ஜி.யில் ஆரம்பித்து நாலாவது வரைக்கும். என் வீட்டின் முன்பக்கம்தான் ஒரு காலத்தில் என் பஞ்சர் கடை. கடையை மூடி வெகு காலமாகிறது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் நான் பஞ்சர் தாத்தாதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதிகம் படிக்காதவன், ஆனால் யாரையும் ஏமாற்றாமல் பிழைத்தவன்.

அந்தப் பள்ளிக்கூடம் வளர்ந்ததை ஆரம்பத்திலிருந்து பார்த்தவன் நான். முதலில் அது கோயில் பாட்டுக்காரர்கள் ஆர்மோனியம் வைத்திருந்த ஒற்றை அறை. அப்போது சிஸ்டர் பவுலினுக்கு இளவயது. கோலார் தங்கவயல் பக்கத்துப் பெண். பாய் விரித்து, வீட்டு வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளையும் ரயில்வே கூலிகளின் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். நாலு மாதம் தாங்காது என்று நான் சொன்னேன். பிறகு தகரக் கூரை வந்தது. பிறகு கான்கிரீட் வந்தது. மேலே ஒரு மாடி வந்தது. நடுவில் சிஸ்டரை மங்களூர், மைசூர் என்று மாற்றினார்கள். திரும்பவும் இங்கேயே வந்துவிட்டார். போன வருஷம் இரண்டாவது மாடியும் எழும்பிவிட்டது. கட்டடம் மேலே மேலே வளர்ந்தது. தெரு மட்டும் ஒரு அடி வளரவில்லை. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிள்ளையும் தானாக கேட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. கொண்டுவருகிற ஆள் பிள்ளையின் கையைப் பிடித்து, கேட்டில் நிற்கிற சிஸ்டரின் கையில் கொடுக்க வேண்டும். சாயங்காலம் சிஸ்டர் அதே மாதிரி திருப்பிக் கொடுப்பார். கைமாற்று என்று அதற்குப் பெயர். பாய் விரித்திருந்த காலத்தில் ஒரு தாய் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். பிள்ளை உள்ளே போகவில்லை. ஊரெல்லாம் தேடினார்கள். ரயில் பாதை வரைக்கும் ஓடினார்கள். அது என் கடையில் உட்கார்ந்து, நான் ட்யூப்பை அமுக்கிக் குமிழி பார்க்கிற தொட்டியில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தது. நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பிள்ளை தொப்பலாக நனைந்து சிரிக்கிறது. அன்றையிலிருந்துதான் கைமாற்று.

நல்ல பழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பாயில் உட்கார்கிற அளவுக்குப் பிள்ளைகள் இருந்தபோது நல்ல பழக்கம். இப்போது பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள். பாதிப் பேர் காரில் வருகிறார்கள். ஒவ்வொருவரும் காரை நிறுத்தி, இறங்கி, பின் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, பையை மாட்டி, கையைப் பிடித்து, சிஸ்டரிடம் கொடுத்து, பிள்ளை அழுதால் சமாதானம் சொல்லி, திரும்பி வந்து வண்டியை எடுக்கிற வரைக்கும் பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிக்கிறான். அவனுக்குப் பின்னால் இருக்கிறவனும் அடிக்கிறான். காலையில் மாதா கோயில் மணி அடித்தால்கூட எங்கள் தெருவில் கேட்காது.

இதில் உத்தமன் என்று ஒருவன். சேலத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பின் தெருவில் புதிதாக வந்த அப்பார்ட்மெண்டில் குடியிருந்தான். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் ஒரு பீடி முடிவதற்குள் வந்துவிடலாம். அவன் தினமும் யானை மாதிரி ஒரு காரில் வருவான். மகள் அனுஷா யு.கே.ஜி. பின் சீட்டில் ஒரு மூலையில் அது உட்கார்ந்திருப்பதே தெரியாது. வண்டியைச் சரியாக என் கேட்டுக்கு முன்னால் நிறுத்துவான். நான் வெள்ளை அடித்த கல் இரண்டு வைத்தேன். அவன் டயரால் அதைத் தள்ளிவிட்டு நிறுத்தினான்.

நவம்பரில் ஒருநாள் அவன் வண்டியின் டயரில் காற்று இறங்கிக் கிடந்தது. நேராக என்னிடம் வந்தான்.

"அங்கிள், பிடிக்கலன்னா வாயில சொல்லுங்க. அதுக்காக காத்தைப் புடுங்குறதா?"

"இன்னாபா சொல்றே நீ?"

"நீங்க பஞ்சர் கடை வச்சிருந்தவர்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஆமா, வச்சிருந்தேன். முப்பது வருசம் ஊரான் வண்டிக்கெல்லாம் காத்து அடிச்சவன் நான். புடுங்கினவன் இல்ல. மேல கட்டடம் கட்டறான், தெருவெல்லாம் ஆணி கெடக்குது. குனிஞ்சு பாரு. கண்ணு இருக்குதில்ல?"

பள்ளிக்கூட வாட்ச்மேன் கோவிந்தப்பா குனிந்து டயரிலிருந்து ஆணியைப் பிடுங்கிக் காட்டினான். "சார், தாத்தா பாய்தான் மோசம். கை ஒள்ளே கை சார்" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து சொல்லிச் சிரித்தான். வாய்தான் மோசம், கை நல்ல கை என்கிறான். உத்தமன் மன்னிப்புக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மறுநாளும் என் கேட்டில்தான் நிறுத்தினான்.

டிசம்பர் வந்தது. புதிய இரண்டாவது மாடியில் ஒரு ஹால் கட்டியிருந்தார்கள். அதில் முதல் நிகழ்ச்சி கிறிஸ்மஸ் விழா. அனுஷாவுக்கு அதில் ஒரு வேஷம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காது. வீட்டில் ஓயாமல் பேசுமாம், இங்கே வந்தால் ஊமை. அதனால் சிஸ்டர் யோசித்து, பேச்சு இல்லாத வேஷமாகப் பார்த்து, நட்சத்திரமாகப் போட்டார். அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய பெரிய நட்சத்திரத்தைக் குச்சியில் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். பின்னால் மூன்று ராஜாக்கள் பரிசுகளோடு வருவார்கள். நட்சத்திரம் குடிலுக்குப் பக்கத்தில் போய் நின்றால் அவர்கள் பரிசை வைத்து முட்டி போடுவார்கள். அவ்வளவுதான். ஆனால் நட்சத்திரம் நடக்காவிட்டால் ராஜாக்கள் நடக்க முடியாது.

அனுஷாவுக்குப் பயம். ஒத்திகையிலேயே இரண்டு தடவை நின்ற இடத்தில் நின்று அழுதிருக்கிறது. அம்மா சௌம்யா தன் அக்கா பிரசவத்துக்காகச் சேலம் போயிருந்தாள். வீட்டில் அப்பன் மட்டும்தான். அவன் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தான்.

"அப்பா முன்னாடி உக்காந்திருப்பேன். நீ மேடையில நின்னதும் கர்சீஃபை ஆட்டுவேன். அதைப் பாத்ததும் நீ நடக்கணும். சரியா?"

"நீ வரலைன்னா?"

"வராம எங்கடா போவேன்? பக்கத்துத் தெருதானே!"

இதெல்லாம் பிற்பாடு அவனே சொன்னது. விழா அன்று மத்தியானம் பிள்ளையையும் நட்சத்திரத்தையும் காரில் கொண்டுவந்து சிஸ்டர் கையில் மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங் என்று வீட்டுக்குப் போனான். மீட்டிங் முடிந்ததும் கிளம்பினான். நடந்தே வந்திருக்கலாம். திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடும், நட்சத்திரம் கசங்கிவிடும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டு சாவியை எடுத்தான். இப்படிக் காரணம் சொல்லிக்கொண்டு சாவியை எடுத்தது அவன் ஒருவன் மட்டுமில்லை. அத்தனை அப்பன்மாரும் எடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் நான் பால் வாங்கலாம் என்று வெளியே வந்தேன். என் கேட் தெருப்பக்கமாகத் திறக்கிற கேட். அதை அழுத்திக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. தள்ளினேன், அசையவில்லை. தெருவைப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வண்டி. முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் போகவும் வழியில்லை. ஒருவன் கண்ணாடியை இறக்கி இன்னொருவனைத் திட்டுகிறான். அவன் கதவைத் திறந்து இறங்கிச் சண்டை போடப் பார்க்கிறான், கதவைத் திறக்கவே இடமில்லை. சொந்த வீட்டில் என்னைப் பூட்டி வைத்துவிட்டார்கள்!

ஒரு ஸ்டூலைப் போட்டுச் சுவர் ஏறிக் குதித்தேன். இந்த வயசில். முட்டியில் சிராய்ப்பு. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உதறிக்கொண்டு, இன்றைக்கு அந்த சிஸ்டரை இழுத்துவந்து தெருவைக் காட்டாமல் விடுவதில்லை என்று பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தேன்.

"தாத்தா, நில்லுங்க, மேல புரோகிராம் நடக்குது!" என்று கோவிந்தப்பா கத்தினான்.

"கீழ நடக்கற புரோகிராமைப் பாத்தியா நீ?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறினேன்.

மேலே என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரமாகியும் ஹாலில் முன் வரிசை எல்லாம் காலி. பின்னால்தான் ஆட்கள். யசோதாவும் அவளைப் போல நடந்து வந்த தாய்மார்களும். யசோதா வீடுகளில் வேலை செய்கிறவள். அவள் மகன் கிஷோர் மூன்று ராஜாக்களில் ஒருவன். நல்ல புடவை கட்டி, பூ வைத்து, பின் வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் பார்த்தார்.

"யசோதா, எல்லாரும் முன்னாடி வாங்க. காலிச் சேருக்கா எம் பிள்ளைங்க ஆடிக் காட்டணும்?"

"அய்யோ சிஸ்டர், அது காருல வர்றவங்களுக்கு..."

"காருல வர்றவங்க கார்லயேதான் இருக்காங்க. நீங்க வந்துட்டீங்க. உக்காருங்க."

விளக்கை அணைத்து நாடகத்தை ஆரம்பித்துவிட்டார்கள். மாதாவும் சூசையப்பரும் வந்தார்கள், குழந்தையைக் குடிலில் வைத்தார்கள், இரண்டு ஆடுகள் கத்தின. எல்லாம் சரியாகப் போயிற்று. நட்சத்திரம் வர வேண்டிய நேரம் வந்தது. மேடை ஓரத்தில் வெள்ளைக் கவுனில் அனுஷா வந்து நின்றது. முகத்தில் பெரிய விளக்கு அடிக்கிறது. அதற்கு ஹாலில் யாரும் தெரியவில்லை. கர்சீஃபும் தெரியவில்லை. நின்றுவிட்டது.

கீபோர்டு வாசிக்கிறவர் பாட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிள்ளை நகரவில்லை. பின்னால் மூன்று ராஜாக்களும் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே தெருவில் எப்படியோ மேலே மேடையிலும் அப்படியே. கடைசி ராஜா முன் ராஜாவின் கிரீடத்தைத் தட்டிவிட்டான். சிஸ்டர் திரைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, "நடம்மா, தங்கம், நடம்மா" என்கிறார். பிள்ளையின் உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது.

கிஷோர் எட்டிப் பார்த்து, "நட அனுஷா. எனக்குத் தாடி அரிக்குது" என்றான்.

அந்த நேரத்தில்தான் நான் பின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். எனக்கு இது ஒன்றும் தெரியாது. இருட்டு. என் முதுகுக்குப் பின்னால் வராந்தா வெளிச்சம். மேடை ஓரத்தில் சிஸ்டர் தெரிந்தார். பாட்டுச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. சிவப்புத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே ஆட்டினேன். வெளியே வந்து தெருவைப் பார் என்று.

நட்சத்திரம் நடந்தது.

பின்னால் ராஜாக்கள் நடந்தார்கள். ஹாலில் கை தட்டினார்கள். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கூடியது. இன்னும் வேகமாக ஆட்டினேன். நட்சத்திரம் இன்னும் வேகமாக நடந்தது. குடிலைத் தாண்டிப் போய்விட்டது. ராஜாக்களும் தாண்டினார்கள். மாதாவையும் சூசையப்பரையும் சுற்றிக்கொண்டு திரும்பவும் வந்தார்கள். நான் ஆட்டுவதை நிறுத்தவில்லை, அதுவும் நடப்பதை நிறுத்தவில்லை. யசோதா வாயில் முந்தானையை வைத்துச் சிரிக்கிறாள். சிரிப்பு ஹால் முழுக்கப் பரவியபோதுதான் அந்தப் பிள்ளை என் துண்டையே பார்த்துக்கொண்டு நடக்கிறது என்று எனக்கு உறைத்தது. சட்டென்று கையை இறக்கினேன். நட்சத்திரம் சட்டென்று நின்றது. நின்ற இடம் ஆடுகளுக்குப் பக்கத்தில். ராஜாக்கள் பொன்னையும் தூபத்தையும் ஆட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு முட்டி போட்டார்கள்.

அந்த ஹாலில் அன்றைக்குக் கேட்ட கைதட்டலை அந்த ஹால் இனிமேல் கேட்குமா என்று தெரியாது. நான் சிரிக்கவில்லை. என் கேட் இன்னும் மூடித்தான் கிடந்தது.

கடைசிப் பாட்டும் முடிந்து, விளக்குப் போட்ட பிறகுதான் உத்தமன் வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. தெரு முனையிலேயே மாட்டிக்கொண்டு, காத்திருந்து, ஹாரன் அடித்து, கடைசியில் காரை நடுத்தெருவில் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான். அவனால் பின்னால் இருந்தவனும் நகர முடியாமல் போனான், அது வேறு கதை. அனுஷா மேடையிலிருந்து குதித்து ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது.

"அப்பா! நான் நடந்தேன்! நீ ஆட்டினதும் நடந்துட்டேன்! நீ நிறுத்தவே இல்லையா, நானும் நிக்கவே இல்லை!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாலைச் சுற்றிப் பார்த்தான். கதவுப் பக்கத்தில் சிவப்புத் துண்டோடு நிற்கிற என்னைப் பார்த்தான். யசோதா அவனைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஆமாம், நான்தான் ஆட்டினேன் என்று சொல்லிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். இந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான். பிள்ளையும் சந்தோஷமாக இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் போச்சு. அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"அது நான் இல்லடா. அப்பா இப்பதான் வர்றேன். நீ நடந்ததை நான் பாக்கலை."

பிள்ளையின் முகம் மாறியது. "எங்க போயிருந்த?"

"ரோட்ல மாட்டிக்கிட்டேன்."

"எந்த ரோட்ல?"

"இதே ரோட்லதான்."

"யாரு உன்னை விடலை?"

"யாரும் இல்ல. நாங்களேதான். நானும், உன் ஃப்ரெண்ட்ஸோட அப்பாங்களும். எல்லாரும் காரை எடுத்துட்டு வந்து, யாரும் வர முடியாமப் பண்ணிட்டோம்."

"கிஷோர் அம்மா வந்தாங்களே!"

"அவங்க நடந்து வந்தாங்க."

"நம்ம வீடு கிஷோர் வீட்டைவிடப் பக்கம்தானே? நீயும் நடந்து வந்திருக்கலாம்ல?"

வாயே திறக்காத பிள்ளை, பள்ளிக்கூடத்தில் முதல்முதலாகப் பேசியது இதுதான். பேச்சில்லாத வேஷம் கொடுத்த சிஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் யாரைப் பாத்து நடந்தேன்?"

என்னைக் காட்டினான். அந்தப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. "தாத்தா, நல்லாதான் ஆட்டினீங்க. ஆனா ரொம்ப நேரம் ஆட்டிட்டீங்க" என்றது.

"உங்கப்பன் என் கேட்டை விட்டுட்டுப் போயிருந்தா நான் எதுக்கு ஆட்டப் போறேன்?" என்றேன். அவன் கார் அன்றைக்கு என் கேட்டில் இல்லைதான். ஆனாலும் சொல்ல வேண்டிய ஒரு சமயம் கிடைத்தது, சொன்னேன்.

"சாரிங்க தாத்தா" என்றான் உத்தமன். "அந்த டயர் விஷயத்துக்கும்."

சிஸ்டர் பிள்ளையின் கையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "நட்சத்திரத்தையும் கொண்டு போங்க. உங்களுக்காக இன்னொரு தரம் நடந்து காட்டும்."

அப்படித்தான் நடந்தது. காரை எடுக்க வழியில்லை. வீட்டுக்கு நடந்துதான் போக வேண்டும். அனுஷா நட்சத்திரத்தை உயரப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது. தெருவில் நிற்கிற வண்டிகளுக்கு நடுவில், பக்கவாட்டாகத் திரும்பினால் மட்டும் போகக்கூடிய சந்துகளில் நுழைந்து நுழைந்து போயிற்று. உத்தமன் பின்னால் போனான். தாடியைச் சொறிந்துகொண்டே கிஷோர், அவனுக்குப் பின்னால் யசோதா. ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள்.

"சார், நட்சத்திரத்துக்கு வழி விடுங்க!" என்று கோவிந்தப்பா பைக்கில் நின்ற ஒருவனை ஒதுக்கினான்.

கார் லைட் பட்டு அந்த ஜிகினா மின்னியது. அப்பன் பார்க்காமல் விட்டதை நடுத்தெருவில் பார்த்தான். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான் என்று யசோதா சொன்னாள். வியர்வையாகவும் இருக்கலாம். நான் கூடப் போய்ப் பார்க்கவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் சிஸ்டர் பெற்றோர் கூட்டம் போட்டார். தெருக்காரர்களையும் கூப்பிட்டார். நான் போய்க் கதவு ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கேட்டை அகலமாக்குங்கள் என்றான் ஒருவன். கைமாற்றை எடுத்துவிடுங்கள், பிள்ளையை இறக்கிவிட்டு உடனே போய்விடலாம் என்றாள் ஒருத்தி. எதிர் வீட்டுச் சுவரை இடித்துப் பார்க்கிங் கேட்கலாமே என்றான் இன்னொருவன். எதிர் வீட்டுக்காரன் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. நான் இருமினேன். உட்கார்ந்துவிட்டான்.

"கை மாத்தாம ஒரு பிள்ளையையும் உள்ள விடமாட்டேன்" என்றார் சிஸ்டர். "பாயில ஆரம்பிச்சப்ப இருந்த ஒரே சொத்து அது. மாடி கட்டிட்டோம்னு அதை விடமுடியாது."

அப்போது உத்தமன் எழுந்தான்.

"சிஸ்டர் மாத்த வேண்டியது எதுவும் இல்ல. நாமதான் மாறணும். பள்ளிக்கூடம் வளர்றதுக்கு எல்லாரும் கை தட்டுறோம். கூடவே நம்ம காரும் வளர்ந்துட்டே போனா, நம்ம பிள்ளைங்க நடக்க இடம் எங்கே? தெரு எல்லாருக்கும் சொந்தம். ஒருத்தர் வசதிக்காக அதை அடைச்சா, முதல்ல மாட்டிக்கிறது நாமதான். என் பொண்ணு முதல் தடவையா மேடையில நடந்தா, பக்கத்துத் தெருவுல இருந்துக்கிட்டு நான் அதைப் பாக்கலை. யாரும் என்னைத் தடுக்கலை. நானே எனக்குக் குறுக்கே நின்னேன். இனிமே பக்கத்துல இருக்கிறவங்க நடப்போம். தூரத்துல இருந்து வர்றவங்க கோயில் மைதானத்துக்கு வெளியவே காரை நிறுத்துவோம்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. கூட்டத்தில் பேசுவது எல்லோருக்கும் நன்றாக வரும்.

சிஸ்டர் இனிமேல் கைமாற்றைக் கோயில் மைதானத்தின் கேட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கே இடம் உண்டு. அங்கிருந்து பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு வருவார்கள். துணி காயப்போடுகிற மாதிரி நீளமான கயிறுகள், இடையிடையே முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு கலர் துணி. ஒரு பிள்ளைக்கு ஒரு முடிச்சு. அதைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும், விடக்கூடாது.

முதல் நாள் காலையில் நான் கேட்டில் நின்றேன். கெட்டுப்போவதைப் பார்க்கத்தான் நின்றேன். தெரு காலியாக இருந்தது. காலை நேரத்தில் அந்தத் தெருவின் தார் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கோயில் மணி கேட்டது. பாட்டுச் சத்தத்தோடு பிள்ளைகள் வந்தார்கள். முதல் முடிச்சில் அனுஷா, இரண்டாவது முடிச்சில் கிஷோர். கயிற்றின் தலைப்பை உத்தமன் பிடித்திருந்தான். ஆபீஸ் பை முதுகில்.

பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே வந்ததும் அனுஷா நின்றது. பின்னால் கயிறு முழுக்க நின்றது.

"ஏம்மா நின்னுட்டே? போ" என்றேன்.

"தாத்தா, துண்டை ஆட்டினாத்தான் போவோம்."

"வேற வேலை இல்ல எனக்கு?"

"ஆட்டுங்க தாத்தா!" என்று அத்தனை பிள்ளைகளும் கத்தின. கோவிந்தப்பா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இளித்தான். வேறு வழியில்லை. ஒரே ஒரு தடவை ஆட்டினேன். கயிறு தெருவைக் கடந்து உள்ளே போயிற்று.

சிஸ்டர் பவுலின் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன அண்ணே, இப்பவாவது நம்புறீங்களா? பாயில உக்கார வச்சப்பவே நாலு மாசம் தாங்காதுன்னீங்க."

"இப்பவும் அதேதான் சொல்றேன். ஜனவரியில வெயிலும் இல்ல, மழையும் இல்ல, எவன் வேணும்னாலும் நடப்பான். ஜூன்ல மேல் மாடியிலயும் கிளாஸ் திறப்பீங்க, இன்னும் பிள்ளைங்க வரும். மழையும் வரும். அன்னிக்கு எத்தினி பேரு நடக்கறான்னு பாத்துட்டு வந்து கேளுங்க."

"அப்ப நாளைக்குத் துண்டு ஆட்ட வரமாட்டீங்களா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். கேட் தாராளமாகத் திறந்தது. இருந்தாலும் வெள்ளைக் கல் இரண்டையும் இருந்த இடத்தில் இன்னொரு தரம் நேராக்கி வைத்துவிட்டுத்தான் போனேன்.